அம்மா சொன்னதை நான் சொல்லவில்லை

இரண்டு வருடமாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. எழுதினால் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். அதைவிட, நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுத வேண்டும். போன மாதம் அம்மாவிடமே கேட்டேன். "பேரு போடாம எழுது பாப்பா. நாலு பேரு படிச்சுட்டு அவங்கவங்க அம்மாவ ஒழுங்கா பாத்துக்கிட்டா சரி" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அப்பா போனபோது அம்மாவுக்கு வயது எழுபது. காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போய் இரண்டு மாதம்வரை அம்மா நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் உடம்பு ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தது. நெஞ்சு படபடங்குது என்றார். வயிற்றில் பந்து உருளுது என்றார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். விடிகாலை மூன்று மணிக்கு வரவேற்பறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் பயந்து போயிருக்கிறேன். இதயத்துக்கு ஒரு சோதனை, ரத்தத்துக்கு இரண்டு, வயிற்றுக்குள் குழாய் விட்டு ஒன்று. எட்டு மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் "ஒன்றுமில்லை" என்று வந்தது. அந்த வார்த்தை எனக்கு நிம்மதி, அம்மாவுக்கு அவமானம். "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க போல" என்று ஒரு நாள் டாக்சியில் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இங்கே சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவ நிலையத்தைப் பலதுறை மருந்தகம் என்போம். அங்கே ஓர் இளம் மருத்துவர்தான் முதலில் இது வேறு ஏதோ என்று கண்டுகொண்டார். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். எந்த மருந்தகம் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது அந்த இடத்தின் குறையும் அல்ல. அவர் ஒரு தாளை எடுத்தார். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இப்படி இருந்ததா? இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், ஏறக்குறைய தினமும். இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சந்தை மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும். "உங்கள் மகளே மொழிபெயர்க்கலாம் அல்லவா?" என்றார். ஏன் முடியாது? பள்ளியில் தமிழில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான்.

முதல் கேள்வியிலேயே தடுமாறினேன். அம்மா நாளை எண்ணிப் பதில் சொல்பவர் அல்ல, கதை சொல்லிப் பதில் சொல்பவர். எதிலாவது ஆர்வம் குறைந்திருக்கிறதா என்று கேட்டால், போன தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்க மனசு வராததையும், அதை எதிர்வீட்டு அக்கா கேட்டதற்குப் பொய் சொன்னதையும் சொல்வார். அதை நான் 'பாதி நாளுக்கு மேல்' என்று சுருக்கிக் கொடுத்தேன். பசி, தூக்கம், களைப்பு எல்லாம் இப்படியே போயின. எட்டு கேள்வி முடிந்தது.

ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது.

அந்தக் கேள்வியை என் வாயால் அம்மாவிடம் கேட்க முடியவில்லை. பெற்றவளிடம் பிள்ளை கேட்கும் கேள்வியா அது? "ரொம்ப சலிப்பா இருக்காம்மான்னு கேக்குறாங்க" என்று மாற்றிச் சொன்னேன். ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மருத்துவரின் முகத்தைப் பார்த்தாரோ, என் குரலைக் கேட்டாரோ தெரியாது. கையில் இருந்த துண்டை மடித்துக்கொண்டே, "உங்கப்பா போன வழியிலயே நானும் போயிருக்கலாம்னு ராத்திரி ராத்திரி தோணுது பாப்பா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்" என்றார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில், "அப்பாவை நினைத்து வருத்தப்படுகிறார்" என்றேன்.

அவ்வளவுதான். மருத்துவர் தலையசைத்து, 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். அந்தப் பேனா நகர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். பயம் ஒன்று. அம்மாவை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்ற பயம். அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம். வெட்கமும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கூடவே இருந்த மகள் இதைக் கவனிக்கவில்லையே என்று அந்த மருத்துவர் நினைத்துவிடுவாரோ என்ற வெட்கம். அன்று இரவு தூங்கவில்லை. அம்மாவின் அறைக்கு வெளியே பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். காலை மருந்தகம் திறந்த உடனே போன் செய்து, நேற்று நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை என்று சொன்னேன். அன்று மதியமே வரச் சொன்னார்கள். அம்மாவுக்குச் சரியான வழி கிடைத்தது அதற்கப்புறம்தான்.

உட்பிரிட்ஜ் என்ற பெயர்

மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "உட்பிரிட்ஜுக்கா?" அந்தத் தலைமுறைக்கு இந்தப் பெயர் வெறும் மருத்துவமனையின் பெயரல்ல. 1928இல் இயோ சூ காங் பக்கம் திறந்த மனநோய் மருத்துவமனை, 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் மாறி, 1993இல் புவாங்கோக்குக்கு இடம் பெயர்ந்தது. இன்று அது மனநலக் கழகம். ஆனால் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சின்னப் பிள்ளைகள் சண்டை போடும்போது "போடா உட்பிரிட்ஜ்" என்று கத்திய காலம் எனக்கே நினைவிருக்கிறது. மலேசியாவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் மனநோய் மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரை இதே அர்த்தத்தில்தான் சொல்வார்கள். இப்படி ஒரு பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பயத்தைப் போக்குவது ஓர் அரசாங்கம் தனியாகச் செய்து முடிக்கும் காரியமல்ல. ஆனாலும் அரசாங்கம் நகர்ந்திருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தேசிய மனநலத் திட்டம் 2007இல் வந்தது. மருத்துவமனையில் மட்டும் பார்த்தால் போதாது, வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்று 2012இல் சமூக மனநலத் திட்டம் வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்த்த சட்டப்பிரிவு 2020 ஜனவரி முதல் இல்லை. எத்தனை குடும்பங்கள் அந்தச் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைக்கே போகாமல் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 2023 அக்டோபரில் தேசிய மனநல, நல்வாழ்வு உத்தி அறிவிக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் மனநலத்தைப் பற்றி விவாதம் நடந்தபோது, இது இனி தேசிய அளவில் முக்கியமான இலக்கு என்று அப்போது துணைப் பிரதமராக இருந்த லாரன்ஸ் வோங் சொன்னார். அரசாங்கத்துறையில் மனநல மருத்துவர்களை சுமார் 30 விழுக்காடும் உளவியலாளர்களை சுமார் 40 விழுக்காடும் 2030க்குள் கூட்டுவது, எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் இன்னும் 900 தனியார் மருந்தகங்களிலும் மனநலச் சேவை கொடுப்பது என்றெல்லாம் திட்டம். இதில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. 2016இல் நடந்த ஆய்வில் ஏழில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு வந்திருப்பது தெரிந்தது, அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் உதவி தேடிப் போகவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. அப்படியிருக்க, ஆள் கூட்டுவதை யார் வேண்டாம் என்பார்கள்?

என் மனம் நிற்பது வேறொரு இடத்தில். அந்த 30, 40 விழுக்காட்டை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பேனாவும் கட்டமும்தான் ஞாபகம் வருகின்றன. கூடுகிற அத்தனை பேரில் அம்மாவின் கதையை நேராகக் கேட்கக்கூடியவர் எத்தனை பேர்? எண்ணிக்கை இலக்கில் மொழிக்கு ஒரு வரி இல்லை.

மாத்திரைக்கு மொழி வேண்டாம்

அம்மாவுக்கு மருந்துச் செலவு பெரிதாக இல்லை. அவர் 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறை. மானியம் உண்டு. மனச்சோர்வு 2009இலேயே நாள்பட்ட நோய்த் திட்டத்துக்குள் வந்துவிட்டதால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு எப்படியோ அப்படித்தான். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஆறு வாரத்தில் தூக்கம் வந்தது. ஆனால் மாத்திரையால் தொட முடியாத ஒன்று இருந்தது. அப்பாவின் கடைசி இரவில் அம்மா தூங்கிவிட்டார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். பேச ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் தமிழில் கேட்க வேண்டும்.

சிறுநீரகத்துக்கு இயந்திரம் ஓடும்போது அது எந்த மொழி நோயாளி என்று பார்ப்பதில்லை. கண்புரை அறுவைக்கும் அப்படித்தான். மனநலத்தில் மட்டும்தான் மொழியே கத்தி, மொழியே தையல். இதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை, ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொன்ன அனுபவம் போதுமாக இருந்தது.

துண்டுப் பிரசுரங்கள் தமிழில் வருகின்றன, அது நல்லதுதான். ஒரு நாள் மருத்துவமனையில் ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். 'மனச்சோர்வு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அம்மா வாசித்துவிட்டு, "சோர்வா இருந்தா ஹார்லிக்ஸ் குடிக்கச் சொல்லுவாங்களா?" என்று உண்மையாகவே கேட்டார். அவர் தன் நிலையைச் சொல்வது "மனசு கனக்குது", "ஒண்ணும் ஓடல", "உசுரே இல்லாத மாதிரி இருக்கு" என்று. பிரசுரத்தில் இருந்த தமிழ் சரியான தமிழ்தான். ஆனால் அது ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் இறக்கிய தமிழ். அந்தப் பக்கத்திலிருந்து அம்மா பக்கத்துக்கு வர ஒருவர் வேண்டும், தாள் போதாது.

பெரிய மருத்துவமனையில் முதல் சந்திப்பில் என்ன நடந்தது என்றால், மருத்துவர் வெளியே போய் ஒரு தாதியைக் கூட்டி வந்தார். திருநெல்வேலிப் பெண். வேறொரு வார்டில் வேலையாக இருந்தவரை, கொஞ்சம் வாருங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து, "சொல்லுங்கம்மா" என்றதும் அம்மா உடைந்து அழுதார். ஓராண்டில் அதுதான் முதல் அழுகை. அந்தத் தாதி ஒரு சொல்லையும் விடாமல் மருத்துவரிடம் சொன்னார். ஒன்பதாவது கேள்வியையும் நேராகக் கேட்டார். அந்தக் கேள்வியின்போது நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், அவர்தான் என்னை வெளியே இருக்கச் சொன்னார். பாக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பாக்கியத்தை நம்பி ஒரு கொள்கை இருக்க முடியாது. அடுத்த சந்திப்பில் அவருக்கு இரவு வேலை. மறுபடியும் நான்தான்.

"எல்லாத்துக்கும் அரசாங்கமா?"

இதைப் பற்றி என் சித்தப்பா மகனிடம் ஒரு மாலை தேக்காவில் டீ குடித்துக்கொண்டே பேசினேன். கணக்கு வேலையில் இருப்பவன், நல்ல பிள்ளை. "அக்கா, எல்லாத்துக்கும் அரசாங்கத்தையே பாக்க முடியாது. நம்ம சமூகம் என்ன செய்யுது? இந்தியர்களுக்கு உதவ சிண்டா இருக்கு, கோயில் இருக்கு, சங்கங்கள் இருக்கு. வீட்டில் தமிழ் பேசுறவங்களே குறைஞ்சுட்டு வர்றாங்க. இருக்கிற கொஞ்சப் பேருக்காக எவ்வளவு பணம் போட முடியும்?" என்றான்.

அவன் சொன்னது பல நாள் என்னை விடவில்லை, ஏனென்றால் அவன் சொன்ன கணக்கு சரி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் வெறும் 2.5 விழுக்காடு. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் 3.3. சங்கங்களும் கோயில்களும் செய்வதைக் குறைவாக நினைக்கவும் மாட்டேன், அன்னதானத்தில் ஒரு தட்டுச் சோறும் நாலு வார்த்தையும் எத்தனை முதியவர்களைக் காப்பாற்றுகின்றன என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு நேர் எதிராகத்தான் என்னை இழுத்தது. ஆள் குறைவாக இருப்பதால்தான் சந்தை இதைச் செய்யாது. தனியார் ஆலோசகர்களுக்கு நானே போன் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மேல் சொன்னார்கள். மெடிசேவ் செல்லாது. கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கத் தயாராக இருந்தும், முதியவரிடம் முழுக்கத் தமிழில் பேசுவீர்களா என்றால், "ஓரளவு" என்ற பதில்தான் வந்தது. படித்தது, பயிற்சி எடுத்தது எல்லாம் ஆங்கிலத்தில். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுபது வயது அம்மாவின் கதையைத் தமிழில் கேட்கும் பயிற்சிக்கு யாரும் அவர்களுக்குப் பணம் கட்டவில்லை.

அரசாங்கத்தால் இது முடியும் என்று சொல்ல எனக்கு உள்ளூரிலேயே சாட்சிகள் இருக்கின்றன. நீதிமன்றத்துக்குப் போங்கள். ஆங்கிலம் தெரியாத ஒருவர் மேல் குற்றம் சுமத்தினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்து நிற்பார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு மகளை மொழிபெயர்க்கச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள், மகள் மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சொல்லில் ஒருவருடைய விடுதலை இருக்கிறது என்பதால் அங்கே அவ்வளவு கவனம். மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் ஒரு சொல்லில் இருப்பது உயிர். அந்தச் சொல்லை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

தமிழாசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையை நம்பியிருந்தால் இந்த ஊரில் இத்தனை பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் கிடைத்திருப்பாரா? தமிழ் ஆட்சிமொழி, அதனால் ஆள் வேண்டும் என்று முடிவு செய்து, அதற்குப் பணம் ஒதுக்கி, பயிற்சி கொடுத்து, உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடத்தையும் வைத்து உருவாக்கினார்கள். மாணவர் குறைவு என்று விட்டுவிடவில்லை. கொவிட் காலத்தில் தங்கும் விடுதிகளில் வெளிநாட்டு ஊழியர்கள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தபோதும் இப்படித்தான். தமிழிலும் வங்காளத்திலும் காணொளியும் செய்தியும் வந்தன, ஊழியர்களின் மனநலத்துக்கென்றே 2020 கடைசியில் மனிதவள அமைச்சு ஒரு பணிக்குழு அமைத்தது. வேண்டும் என்று நினைத்தபோது மொழி ஒரு தடையாக இருக்கவில்லை.

அதனால் நான் கேட்பது பெரிய மாளிகை அல்ல. 2030க்குள் கூட்டப் போகும் ஆட்களில் இத்தனை பேர் தமிழில், இத்தனை பேர் மலாயில், இத்தனை பேர் ஹொக்கியனில் சிகிச்சை கொடுக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும் என்று இலக்கில் எழுதுங்கள். தமிழ் படித்த பட்டதாரி ஒருவர் ஆலோசகர் பயிற்சிக்குப் போக விரும்பினால் உபகாரச் சம்பளம் கொடுங்கள். மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பதை யார் கையாவது ஓய்வாக இருந்தால் செய்கிற உதவியாக வைக்காமல் சம்பளம் உள்ள வேலையாக வையுங்கள், போனிலோ காணொளியிலோ எல்லா மருந்தகங்களுக்கும் பொதுவாக ஐந்தாறு பேர் இருந்தாலே போதும். அப்புறம், ஒன்பதாவது கேள்வியைக் குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். இந்தக் கடைசி விதிக்குச் செலவே இல்லை.

2025 ஜூனில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் வந்தது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், அதன் வாட்ஸ்அப் எண்ணுக்குச் செய்தியும் அனுப்பலாம். அந்த எண்ணையும், தற்கொலையைத் தடுக்க உழைக்கும் சமாரிட்டன்ஸ் சங்கத்தின் 1767ஐயும் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா வந்தபோது பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனில் படம் எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.

நான்கு மாதம் தேடி, கடைசியில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் தமிழில் பேசும் ஆலோசகர் ஒருவர் கிடைத்தார். முப்பது வயதுகூட இருக்காது. வீட்டில் பாட்டியிடம் வளர்ந்த பெண்ணாம், அதனால்தான் அந்தத் தமிழ். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அம்மாவைக் கூட்டிப் போகிறேன். கதவு மூடிக்கொள்ளும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே சொற்கள் கேட்காது, அம்மாவின் குரல் மட்டும் ஏறி இறங்குவது கேட்கும். சில நாள் அழுகை, ஒரு நாள் சிரிப்புக்கூடக் கேட்டது. முதல் தடவை வெளியே வந்தபோது என்னம்மா பேசினீர்கள் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டு, முருங்கைக்கீரை வாங்க வேண்டும், சந்தை மூடிவிடும் என்று நடையைக் கட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஏழாவது மாதம். பிரசவ விடுப்பில் போகும்போது அவர் இடத்துக்குத் தமிழ் தெரிந்தவர் வருவாரா என்று நிலையத்தில் கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் அந்தக் குழந்தைக்குப் பச்சை நூலில் ஒரு குல்லாய் பின்னிக்கொண்டிருக்கிறார்.